சைனஸ் லிஃப்ட் சிகிச்சைக்கு எந்த எலும்புத் துகள் ஏற்றது?

கேள்வி:
என் தாயாருக்கு மேல்தாடைக் கடைவாய்ப் பற்களை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையெலும்பில் பதிக்கும் திருகு) வைப்பதற்காக எடுத்த சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்-ரே ஸ்கேனில், சைனஸுக்கு (மேல்தாடைக்கு மேலே கன்னத்தினுள் உள்ள காற்றறை) அடியில் 3 மி.மீ. எலும்புதான் எஞ்சியிருப்பது தெரிந்தது. அதனால் சைனஸின் உட்சவ்வை உயர்த்தி, அதற்கு அடியில் எலும்புத் துகளை நிரப்பும் சைனஸ் லிஃப்ட் செய்ய வேண்டுமாம். மாட்டெலும்புத் துகளே போதும் என்கிறார் ஒரு மருத்துவர். கீழ்த்தாடையிலிருந்து அம்மாவின் எலும்பையே சுரண்டிக் கலக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். அம்மாவோ விலங்குப் பொருளை ஏற்கத் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (பல் மருத்துவர்):
இருவர் சொல்வதும் சரியே. 1980-இல் பாய்ன், ஜேம்ஸ் ஆகியோர் இச்சிகிச்சையை விவரித்துக் கட்டுரை வெளியிட்டபோது, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததையே பயன்படுத்தினர். சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பதால் புது எலும்பு விரைவில் உருவாகும். ஆனால் அதை மட்டும் வைத்தால், கிடைத்த உயரத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். புரதம் நீக்கிய மாட்டெலும்பு தானாக எலும்பை உருவாக்காது. கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல் நின்று இடத்தைக் காக்கும், பல ஆண்டுகள் கழிந்தும் அதன் துகள்கள் அங்கேயே இருக்கும். இதனால்தான் பலர் இரண்டையும் கலக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், பொருளைவிட அதை வைக்கும் விதமே முக்கியம். சைனஸின் உட்சவ்வு முட்டை ஓட்டின் உட்தோலைப் போல மெல்லியது. அதைக் கிழியாமல் உயர்த்துவதே இச்சிகிச்சையில் கடினமான வேலை. துகளை உப்புநீரில் நனைத்து ஈர மணல் பதத்தில் தளர்வாக நிரப்ப வேண்டும். இறுக்கித் திணித்தால் இரத்தக் குழாய்கள் உள்ளே வளர இடமிராது.

மறுமொழி 2:
எனக்கு மாட்டெலும்புத் துகள்தான் வைத்தார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது என்று எவரும் அழுத்திச் சொல்லாததால், ஐந்தாம் நாள் பலமாகச் சிந்திவிட்டேன். வெண்மணல் போன்ற துகள்கள் கைக்குட்டையில் வந்து விழுந்தன. தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடியே தும்மச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (பல் மருத்துவர்):
விலங்குப் பொருளை ஏற்க மனம் ஒப்பாவிட்டால் செயற்கைப் பொருள்கள் உண்டு. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் ஒப்பீட்டளவில் விரைவாகக் கரையும் என்பதால், மெதுவாகக் கரையும் ஹைட்ராக்சிஅபடைட்டும் கலந்த வகையைக் கேளுங்கள். 3 மி.மீ. எலும்பில் பெரும்பாலும் முதலில் துகளை நிரப்பிவிட்டு, ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குப் பிறகே இம்பிளான்ட் வைப்பார்கள். துகளை நிரப்புவதற்கு முன் சைனஸில் தொற்று உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.