சுங்கை சிப்புட் (மலேசியா) குடும்பக் குழு

கவிதா, 3:22: என் மகனை என்ன செய்வது, சொல்லுங்கள். பள்ளிக்குப் பின் கூடுதல் வகுப்பும் முடிந்து 3 மணிக்கு வேன் இறக்கிவிட்டது, அப்படியே சோபாவில் விழுந்துவிட்டான். ஒரு காலில் காலுறை, கன்னத்தில் மெத்தைத் துணியின் வரி.

ராணி அத்தை, 3:24: தூங்கட்டும் விடும்மா. பிள்ளைக்குக் களைப்பு.

கவிதா, 3:25: நேற்றும் விட்டேன் அத்தை. ஐந்தரைக்கு எழுந்தான். ராத்திரி பதினொன்றரை வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தான். காலை 5:45க்கு எழுப்பினால் ஒரே அழுகை.

அப்பா, 3:29: பகலில் தூங்கினால் மூதேவி வீட்டுக்குள் வருவாள்.

முரளி அண்ணன், 3:30: தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து நீங்கள் லயத்து வீட்டு வாசலில் குறட்டை விட்டதை மறந்துவிட்டீர்களா? 😄

அப்பா, 3:31: நான் இருட்டில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போனவன்.

முரளி அண்ணன், 3:33: பேரனும் இருட்டில்தான் வேன் ஏறுகிறான். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க 1982 ஜனவரி 1இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே!

அப்பா, 3:34: ஆமாம். அந்த அரை மணியை இன்னும் திருப்பித் தரவில்லை.

தனம் சித்தி, 3:41: டூட்டி இப்போதுதான் முடிந்தது. கவி, மதியத் தூக்கத்தை நிறுத்தாதே, முக்கால் மணியாகக் குறைத்துவிடு. சீனாவில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 3,000 பேரைப் பார்த்து ஓர் ஆய்வு 2019இல் வந்தது. மதியம் அடிக்கடி தூங்கும் பிள்ளைகளிடம் மகிழ்ச்சியும் தன்னடக்கமும் கூடுதல். ஆறாம் வகுப்பில் வாரம் 3 முறையாவது தூங்கியவர்கள் படிப்பில் 7.6 விழுக்காடு மேலே. தூக்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே பல பள்ளிகளில் சாப்பாட்டுக்குப் பின் ஓய்வு நேரமே உண்டு.

ராணி அத்தை, 3:42: பார்த்தாயா! நான் சொன்னதுதான்.

தனம் சித்தி, 3:46: அக்கா, அவர்கள் தூங்கியது அரை மணி, ஒரு மணி. இவன் இரண்டரை மணி! ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது எழுப்பினால் சிடுசிடுப்புதான் மிச்சம். சாயந்திரம் வரை நீண்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. இந்த வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். நேற்று ராத்திரி அவனுக்குக் கிடைத்தது ஆறேகால்.

கவிதா, 3:48: அப்படியென்றால் எட்டே முக்காலுக்கே படுக்க வேண்டும். டியூஷன் விடுவதே எட்டரைக்கு.

தனம் சித்தி, 3:49: அதனால்தான் அந்த முக்கால் மணியைப் பிடுங்காதே என்கிறேன். அப்புறம், ராத்திரி படுக்கையில் கைப்பேசி வேண்டாம். இப்போது போய் எழுப்பு.

கவிதா, 4:02: எழுந்துவிட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மைலோ கேட்கிறான். இன்னொரு காலுறையைத்தான் காணோம்.