போனான்சாவின் கடைசி சீசன்: ஹாஸ் இல்லாமல் தொடர்ந்திருக்க வேண்டுமா?

செங்கரட்டான் எழுதியது:

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1959 செப்டம்பர் 12 அன்று தொடங்கிய வெஸ்டர்ன் தொடரான (அமெரிக்க மேற்குப்பகுதியின் பழங்காலக் கதை) போனான்சா, 1973 ஜனவரி 16 அன்று, பதினான்காம் சீசனின் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அந்தக் கடைசி சீசனின் 16 அத்தியாயங்களையும் அண்மையில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். என் கருத்தைத் தயக்கமின்றி வைக்கிறேன்: இந்த சீசன் எடுக்கப்பட்டிருக்கவே கூடாது.

ஹாஸ் கார்ட்ரைட்டாக நடித்த டான் பிளாக்கர் 1972 மே 13 அன்று, பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து, தமது 43ஆம் வயதில் காலமானார். அடுத்த நான்கே மாதங்களில் புதிய சீசன் ஒளிபரப்புக்கு வந்துவிட்டது. தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம்: நெவாடாவில் டாஹோ ஏரியை ஒட்டிய பாண்டரோசா என்னும் பெரிய மாட்டுப்பண்ணையின் உரிமையாளர் பென் கார்ட்ரைட், மூன்று மனைவியரையும் இழந்த அவருக்கு, மூன்று தாய்மாருக்குப் பிறந்த மூன்று மகன்கள். மூத்தவன் ஆடம் படித்தவன், எதையும் யோசித்துப் பேசுபவன். கடைக்குட்டி ஜோ முன்கோபி. நடுப்பிள்ளை ஹாஸ் மலைபோன்ற உடலும் குழந்தை மனமும் கொண்டவன். அப்பாவுக்கும் தம்பிக்கும் இடையே கோபம் மூளும்போதெல்லாம் குறுக்கே நின்று தணிப்பவன் அவன்தான். அத்தியாயம் துயரத்தில் கனக்கும்போது சிரிப்பைக் கொண்டுவருபவனும் அவனே. அவன் போனபின் மிஞ்சியது பண்ணை மட்டுமே, குடும்பம் அன்று.

நிலாமுற்றம் எழுதியது:

நண்பர் செங்கரட்டான் அவர்களே, உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது, ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. 1965இல் ஆறு சீசன்களுக்குப் பின் ஆடமாக நடித்த பெர்னல் ராபர்ட்ஸ் விலகியபோதும் தொடர் இனி நிலைக்காது என்றுதான் பேசியிருப்பார்கள். அவர் போனபின் வந்த இரண்டு சீசன்களிலும், அதாவது 1965–66, 1966–67 ஆகிய ஆண்டுகளிலும், அமெரிக்காவில் மிக அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி போனான்சாதான். இழப்பைத் தாங்கும் வலிமை அதன் அமைப்பிலேயே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதினான்காம் சீசனின் தொடக்க அத்தியாயமான ‘ஃபாரெவர்’ ஒன்றுக்காகவே இந்த சீசன் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பேன். 1972 செப்டம்பர் 12 அன்று இரண்டு மணி நேரம் ஓடிய அதை எழுதி இயக்கியவர், ஜோவாக நடித்த மைக்கேல் லேண்டனே. முதலில் அது ஹாஸின் திருமணக் கதையாக எழுதப்பட்டது. பிளாக்கர் மறைந்ததும், லேண்டன் அதை ஜோவின் கதையாக மாற்றி எழுதினார். ஜோ, ஆலிஸ் என்னும் பெண்ணை மணக்கிறான், அவள் கருவுற்றிருக்கிறாள், சூதாடியான அவளது அண்ணன் பட்ட கடனுக்காக வந்த கொடியவர்களால் அவள் கொல்லப்படுகிறாள், ஜோவும் ஆலிஸும் கட்டிய வீடு தீக்கிரையாகிறது. சக நடிகரின் மரணத்தை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த ஒருவர், அவருக்கென்று எழுதிய காதலையும் இழப்பையும் தாமே நடிக்கிறார். ஜோவின் முகத்தில் நாம் காண்பது ஆலிஸுக்கான துயரம் மட்டுமல்ல. அந்த அழுகையை அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் எங்கும் கண்டதில்லை.

செங்கரட்டான் எழுதியது:

நிலாமுற்றம் அவர்களுக்கு: ஆடமின் விலகலையும் ஹாஸின் மரணத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆடம் வெளியூர் போய்விட்டான் என்று சொன்னால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார்கள். என்றாவது திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பும் மிஞ்சும். அதோடு, ஆடம் போனபின் மேசையில் மூவர் இருந்தார்கள். ஹாஸும் போனபின் அப்பாவும் ஒரு மகனும் மட்டுமே எஞ்சினார்கள்.

‘ஃபாரெவர்’ உருக்கமான அத்தியாயம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் கட்டுமானத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பென்னின் முதல் மனைவி எலிசபெத் பிரசவத்தில் இறந்தாள். இரண்டாமவள் இங்கர் அம்பு பட்டு இறந்தாள். மூன்றாமவள் மரீ குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள். கார்ட்ரைட் ஆண்களை நேசித்த பெண் ஒருத்தி அத்தியாயம் முடிவதற்குள் சாக வேண்டும் அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது இந்தத் தொடரின் பழைய வழக்கம். ஆலிஸின் மரணமும் அதே வழக்கத்தின்படி வந்ததுதான். ஹாஸை நினைத்து அழ வேண்டிய கண்ணீரை, முன்பின் அறிமுகமில்லாத ஒரு பாத்திரத்துக்காக அழச் செய்தார்கள். அவன் இறந்தான் என்ற செய்தி அந்த சீசனில் போகிற போக்கில் சொல்லப்படுகிறது. எப்படி இறந்தான் என்பதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்த ஒருவனுக்கு ஒரு காரியம்கூடச் செய்யாமல் புதிய கதைக்குப் போவதை என் மனம் ஏற்கவில்லை.

பொன்வண்டு எழுதியது:

இருவரும் கதையைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். தொடரை முடித்தது ஹாஸின் இழப்பு மட்டுமல்ல, நேர மாற்றமும்தான் என்பதை இங்கே சேர்த்தாக வேண்டும்.

1961 முதல் பதினொரு ஆண்டுகளாக போனான்சா ஞாயிறு இரவு 9 மணிக்கு வந்தது. என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்ததால், முதல் அத்தியாயத்திலிருந்தே தொடர் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. டாஹோ ஏரியின் நீலமும் பைன் மரங்களின் பச்சையும் அந்தப் பெட்டிகளுக்கான விளம்பரமாகவே அமைந்தன. அத்தகைய தொடரை 1972இல் செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு மாற்றினார்கள். எதிரே போட்டித் தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.எஸ்.ஸில் ‘மாட்’ என்னும் புதிய நகைச்சுவைத் தொடரும், அதைத் தொடர்ந்து ‘ஹவாய் ஃபைவ்-ஓ’வும் ஓடின, அந்த ஆண்டில் நாடு முழுவதும் பெரும் பார்வையாளர்களைப் பெற்றவை அவை இரண்டும். அதற்கு முந்தைய ஆண்டே போனான்சா முதல் பத்து இடங்களுக்கு வெளியே போயிருந்தது. ஆக, ஹாஸ் உயிரோடு இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் அது தாக்குப்பிடித்திருக்குமா என்பது ஐயமே.

இன்னொன்று, கிராமப்புறக் கதைகளையும் வெஸ்டர்ன் தொடர்களையும் பார்ப்பவர்கள் வயதானவர்கள், விளம்பரதாரர்கள் விரும்பும் நகர்ப்புற இளைஞர்கள் அல்லர் என்ற எண்ணம் நிறுவனங்களில் வலுத்த காலம் அது. 1971இல் சி.பி.எஸ். தன் கிராமியத் தொடர்களைக் கூட்டாக நிறுத்தியது. என்.பி.சி.யும் அதே ஆண்டில், போனான்சாவைப் படைத்த டேவிட் டார்ட்டார்ட் உருவாக்கிய மற்றொரு பண்ணைத் தொடரான ‘தி ஹை சாப்பரால்’ என்பதை முடித்துக்கொண்டது. ‘கன்ஸ்மோக்’ என்னும் வெஸ்டர்ன் தொடர் மட்டும் 1975 வரை தப்பியது.

நிலாமுற்றம் எழுதியது:

பொன்வண்டு அவர்கள் கூறியது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில், இப்படிப்பட்ட போட்டிக்கு நடுவில் வந்த சீசனை, பார்வையாளர் குறைந்தது என்பதற்காகத் தோல்வி என்று முத்திரை குத்தக் கூடாது.

செங்கரட்டான் அவர்களின் ‘குடும்பம் அன்று’ என்ற சொல்லுக்கு மட்டும் பதில் கூறுகிறேன். பாண்டரோசாவின் குடும்பம் எப்போதுமே ரத்த உறவால் மட்டும் கட்டப்பட்டதில்லை. 1967இல் கேண்டி என்னும் கூலியாள் வந்தான்; டேவிட் கேனரி அந்தப் பாத்திரத்தை ஏற்று, 1970இல் விலகி, இந்தக் கடைசி சீசனில் திரும்பி வந்தார். 1970இல் அநாதைச் சிறுவன் ஜேமி வந்தான், பின்னர் பென் அவனைத் தத்தெடுத்தார். இந்த சீசனில் சிறையிலிருந்து நன்னடத்தை விடுப்பில் வெளிவரும் கிரிஃப் கிங் என்னும் இளைஞனை பென் தம் பொறுப்பில் ஏற்கிறார். டிம் மாத்தெசன் நடித்த பாத்திரம் அது. இரண்டு மகன்களை இழந்த தந்தை, இழந்தவர்களுக்கு ஈடாக யாரையும் தேடாமல், வாசலுக்கு வந்த வேற்றுப் பிள்ளைக்குத் தட்டு வைக்கிறார். லோர்ன் கிரீனின் பென்னை நான் மிகவும் மதிப்பது இந்தப் பதினாறு அத்தியாயங்களில்தான்.

தொடக்கக் காட்சியைக் கவனித்தீர்களா? பழைய சீசன்களில் பாண்டரோசாவின் வரைபடம் தோன்றும், நடுவில் ஒரு புள்ளியில் தீப்பற்றிச் சுற்றிலும் பரவும், அந்தக் கருகிய ஓட்டை வழியாகக் கார்ட்ரைட்கள் குதிரையில் பாய்ந்து வருவார்கள். 1970 முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பழைய இசையைக் கைவிட்டு, டேவிட் ரோஸ் அமைத்த வேறு இசையை ஒலிக்கவிட்டார்கள். கடைசி சீசனில் பழைய மெட்டு, சற்று வேகமான வடிவில், மீண்டும் வந்தது. தொடரின் வேரை மறந்தவர்கள் செய்யும் வேலையன்று அது.

தாழம்பூ எழுதியது:

இரண்டு தரப்பிலும் எனக்கு ஒரு குறை உண்டு. சீசன் எடுத்தது பிழையன்று. எடுத்த விதம்தான் முழுமையற்றது. ஹாஸின் இடத்தில் வேறொரு நடிகரை நிறுத்தாமல், அந்தப் பாத்திரமும் இறந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டார்களே, அதற்கு நான் அவர்களைப் போற்றுகிறேன். முதன்மைப் பாத்திரத்தின் சாவை ஒப்புக்கொள்வது அன்றைய தொலைக்காட்சியில் மிக அரிது. ஆனால் ஒப்புக்கொண்டவர்கள், அதற்கு ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கத் துணியவில்லை. ஹாஸ் ஒரு பெண்ணைக் காப்பாற்ற முயன்று நீரில் மூழ்கி இறந்தான் என்ற விவரம் 1988இல் வந்த ‘போனான்சா: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் தொலைக்காட்சிப் படத்தில்தான் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே லோர்ன் கிரீன் மறைந்துவிட்டார். மகன் எப்படிப் போனான் என்பதைத் தந்தையின் வாயால் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு ஆறாத குறை அதுதான்.

செங்கரட்டான் எழுதியது:

தாழம்பூ அவர்கள் கூறியதை முழுமனதோடு வழிமொழிகிறேன். என் சினத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. கிரிஃப் பற்றி நிலாமுற்றம் எழுதியதையும் மதிக்கிறேன். ஆயினும் கடைசி அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ‘தி ஹண்டர்’ என்ற அதையும் லேண்டனே எழுதி இயக்கினார். மனநலம் சிதைந்த முன்னாள் படைவீரன் டேனராக டாம் ஸ்கெரிட் நடித்தார். அவன் ஜோவைப் பாலைவனத்தில் மனித வேட்டையாடுகிறான். குதிரையும் துப்பாக்கியும் பறிபோன ஜோ, வெயிலில் நடந்தும் ஓடியும் உயிர்பிழைக்கப் பார்க்கிறான். ஏறக்குறைய முழு நேரமும் இவர்கள் இருவர் மட்டுமே. தனித்து நோக்கினால் விறுவிறுப்பான படைப்பு. ஆனால் ஒரு குடும்பத்தின் கதையாகத் தொடங்கியது, துணைக்கு ஆளில்லாத ஒருவனின் ஓட்டமாக முடிகிறது. ஹாஸ் இருந்திருந்தால் தம்பியைத் தேடி வந்திருப்பான் என்ற எண்ணம் அந்த அத்தியாயம் முழுவதும் என்னை விடவில்லை.

நிலாமுற்றம் எழுதியது:

‘தி ஹண்டர்’ விடைபெறும் அத்தியாயமாகத் திட்டமிடப்பட்டதன்று. நிறுத்தும் முடிவு சீசனின் நடுவில் வந்ததால், கையில் இருந்த கடைசி அத்தியாயம் அதுவாக அமைந்துவிட்டது. எனவே முடிவின் வெறுமைக்கு எழுதியவரைக் குறை கூற வேண்டாம், நிறுவனத்தையே குறை கூறுவோம். அந்தத் தனிமை நீங்கள் சொல்வதுபோல் உறுத்துகிறது என்பதை ஏற்கிறேன். எனக்கோ அந்த உறுத்தலே சரியாகப் படுகிறது. ஹாஸ் இல்லாத பாண்டரோசாவில் ஜோவைத் தேடி வர ஆளில்லை என்பது உண்மை, தொடர் அந்த உண்மையை மறைக்கவில்லை.

லேண்டனை இந்த வேலையிலிருந்து பிரித்துப் பார்க்கவும் இயலாது. 1968இல் முதன்முதலாக ஓர் அத்தியாயத்தை இயக்கிய அவர், இந்தக் கடைசி சீசனில் கற்றதை 1974இல் தொடங்கிய ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி’யில் ஒன்பது சீசன்களுக்குப் பயன்படுத்தினார். இழப்பையும் நோயையும் குழந்தையின் சாவையும் குடும்பத் தொடரில் நேராகக் காட்டத் துணிந்த அந்தப் படைப்பாளி உருவானது ‘ஃபாரெவர்’ அத்தியாயத்தில் என்பதே என் துணிபு. பதின்மூன்றாம் சீசனோடு திரையை இறக்கியிருந்தால் அவருக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்திருக்காது.

தாழம்பூ எழுதியது:

முதல் இரண்டு சீசன்களின் சில அத்தியாயங்கள் பதிப்புரிமை நீங்கி எவரும் பயன்படுத்தக்கூடியவையாகிவிட்டதால் நம்மில் பலர் அவற்றை மட்டுமே பார்த்திருக்கிறோம். அவற்றில் ஹாஸ் இன்னும் பக்குவப்படாத ஒரு முரட்டு இளைஞன். ஆகவே இந்த விவாதத்தைத் தொடர விரும்புவோர், பத்தாம் சீசனுக்குப் பிந்தைய ஹாஸையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் ‘ஃபாரெவர்’ பற்றி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். செங்கரட்டான் அவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது விளங்கும். நிலாமுற்றம் அவர்களுக்கு நானும் அதன்பின்பே பதில் எழுதுவேன்.