ஓசிடி ஸ்கேனில் ஷட்டர் தானாக மூடிக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் பயோமெடிக்கல் வேலை பார்க்கிறேன். எங்கள் ஓசிடி கருவி, அதாவது ஒளிக்கற்றையால் விழித்திரையைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் கருவி (840 நானோமீட்டர், ஸ்பெக்ட்ரல் டொமைன் வகை, வாரண்டி முடிந்தது), ஸ்கேன் தொடங்கிய சில நொடிகளில் ஒளியை மறைக்கும் ஷட்டரை மூடிவிடுகிறது. திரையில் ‘ஸ்கேனர் ஃபால்ட்’. பொங்கல் கழிந்ததிலிருந்து இந்தத் தொல்லை.

காலையில் ஒழுங்காக ஓடுகிறது. கருவி சூடேறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதுவும் கிடைமட்ட ஸ்கேனில் மட்டும். செங்குத்து ஸ்கேனில் ஒரு பிரச்சினையும் இல்லை.

யுபிஎஸ் மாற்றியாயிற்று, கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியாயிற்று. பவர் மீட்டரில் வெளிவரும் ஒளி 0.7 மில்லிவாட்டுக்குள் நிலையாக நிற்கிறது. ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், எக்ஸ் கால்வோ கண்ணாடியின் (கற்றையைக் கிடைமட்டமாக நகர்த்தும், மோட்டாரில் ஆடும் சிறு கண்ணாடி) பொசிஷன் சிக்னல் அலை ஏறும் இடத்தில் லேசாக வெட்டுகிறது. உடனே ஷட்டர் விழுகிறது. கேபிளை அசைத்தாலும் மாற்றமில்லை.

இன்டர்லாக்கை (பழுது தெரிந்ததும் ஷட்டரை மூடும் பாதுகாப்புப் பூட்டு) பைபாஸ் பண்ணச் சிலர் சொன்னார்கள். அதை நான் செய்யமாட்டேன். கண்ணாடி நின்றுபோனால் கற்றை விழித்திரையில் ஒரே புள்ளியில் நிற்கும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பூட்டே இருக்கிறது. இப்போது மாதிரிக் கண்ணை வைத்து மட்டுமே சோதிக்கிறேன். சர்வீஸ்காரர்கள் ஸ்கேன் ஹெட்டையே மாற்றச் சொல்கிறார்கள், அந்தச் செலவுக்கு இங்கே வழியில்லை.

பழுது கால்வோ மோட்டாரின் பொசிஷன் சென்சாரிலா, அந்த மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டிலா என்று இன்டர்லாக்கைத் தொடாமல் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?