மெக்சிகோ கடற்கரையில் 5 மாதம் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி) வாசம்: குக்கர், மிக்சி கொண்டுபோகலாமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): வணக்கம். பணி ஓய்வு பெற்ற தம்பதி நாங்கள். மகளின் அமெரிக்கப் பதிவு ஆர்.வி.யில் பாஹா கலிஃபோர்னியா பக்கம், லொரேட்டோவில் தங்கப் போகிறோம். வீட்டு ரைஸ் குக்கர், மிக்சி ஓடுமா?

பதில் 1: வேண்டாம் அக்கா. நம் கரண்டு 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 127, 60. குக்கரில் கால்பங்குச் சூடுதான் வரும், அரிசி ஊறிக் கிடக்குமே தவிர வேகாது. 120 வோல்ட் பொருளாக அங்கேயே வாங்குங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, மதியம் எல்லாரும் ஏர்கோன் போடும்போது வோல்ட் இறங்குவது. 104க்குக் கீழே போனால் கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் கருகிவிடும். தானாகக் கரண்டை நிறுத்தும் பாதுகாப்புப் பெட்டி அவசியம். வயரைச் செருகுமுன் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டரில் பாருங்கள்.

பதில் 2: மெக்சிகோவில் தங்கும் அனுமதி அதிகபட்சம் 180 நாள். அதிகாரி குறைத்தும் எழுதலாம், எத்தனை நாள் என்று கவுண்டரிலேயே பாருங்கள். மெக்சிகோ இன்சூரன்ஸ் தனியாக எடுக்கவேண்டும். அமெரிக்கப் பாலிசியை அங்கே ஏற்கமாட்டார்கள். பாஹாவுக்குள் வண்டி இறக்குமதிப் பத்திரம் தேவையில்லை, ஆனால் ஃபெர்ரியில் கடலைத் தாண்டி மசாட்லான் ஊருக்குப் போனால் தேவை. மகளின் சம்மதக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: குடிக்க, சமைக்க 20 லிட்டர் கர்ரஃபோன் (பெரிய தண்ணீர்க் குடுவை) தண்ணீர்தான் ஐயா. உப்புக்காற்று பேட்டரி முனையை அரிக்கும், வாஸ்லின் தடவுங்கள்.