அம்மாவுக்குக் கீமோ ஏற்றுகிறார்கள், போனில் எதையெல்லாம் பழக்கிவிடலாம்?

மாங்குளத்து மகள்:
வணக்கம். எங்கள் வீடு மாங்குளத்தால் ஒட்டுசுட்டான் போகிற பக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், சத்திரசிகிச்சை முடிந்து இப்போது தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றுகிறார்கள். எனக்கு வவுனியாவில் வேலை, கிழமை நாட்களில் வீட்டில் நிற்க வழியில்லை, தம்பி வயலுக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். பட்டன் போனை மாற்றி ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தோம். வட்ஸ்அப் கோல் எடுப்பார், யூடியூபில் கோயில் திருவிழா பார்ப்பார், அவ்வளவுதான். ரிப்போர்ட் எல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள் சுருண்டு கிடக்கிறது, கிளினிக் நாளன்று விடியப்புறம் எழும்பி அதைக் கொட்டித் தேடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இதற்குள் லண்டன் மாமி இங்கிலீசில் லிங்க் மேல் லிங்க் அனுப்புகிறார், ஊர்க் குரூப்பில் புற்றுநோயை மாற்றும் என்று அன்னமுன்னா இலைக் கசாயம் ஓடுகிறது. அம்மா தமிழ் நன்றாக வாசிப்பார், இங்கிலீஷ் வராது. தம்பியோ "அவவுக்கு ஏன் இந்தக் கரைச்சல், நாங்கள் பார்ப்பம்தானே" என்கிறான். வீட்டில் யாருக்காவது இப்படிப் பழக்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

குளக்கட்டு:
தங்கச்சி, காய்ச்சல் வந்தால் அது தம்பி வயலால் வரும்வரை காத்திருக்காது என்று அவரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கே தெரிய வேண்டியது முதலில் இதுதான். கீமோ ஏற்றிய பிறகு கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறையும், பெரும்பாலும் இரண்டாம் கிழமைக்குள்தான் ஆகக் குறைவாக இருக்கும், அந்த நேரம் 38 பாகை செல்சியஸ், அதாவது பரனைட்டில் 100.4, தாண்டினால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்கிற விசயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. ஆகவே ஒரு தெர்மோமீற்றர் வாங்கிக் கொடுங்கள். அப்புறம் போனின் முதல் திரையில் நாலே நாலு படம்: உங்கள் முகம், தம்பியின் முகம், வாட்டின் போன் இலக்கம், 1990. தொட்டால் நேரே கோல் போகிற மாதிரி வைக்கலாம், பெயர் தேடத் தேவையில்லை. 1990 அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை, தமிழில் கதைக்கலாம். ஆனால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எங்கே இருக்கிறீர்கள்" என்பதுதான். எங்கள் பக்கத்து ஒழுங்கைகளுக்கு ஏது பெயர்? எந்தச் சந்தி, எந்தக் கோயில், அதிலிருந்து எந்தக் கை என்று அம்மாவைச் சொல்ல வைத்துப் பழக்குங்கள். இதுவும் போன் பழக்கம்தான்.

இன்னொன்று, அம்புலன்ஸ் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும், தெல்லிப்பழைக்கு அல்ல. அங்கே இருக்கிற டொக்டருக்கு என்ன மருந்து, எப்போது ஏற்றியது என்று தெரியாது. கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதிய பக்கம் போனில் படமாக இருந்தால் அந்த இடத்தில் பாதி வேலை முடிந்தது.

சொப்பிங் பைக்கு வருவோம். 2009 இல் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள், கடதாசி போனால் என்ன பாடு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கூகுள் டிரைவில் ஸ்கேன் என்று ஒரு வசதி இருக்கிறது. பகலில் யன்னல் பக்கம், தாளை நிலத்தில் விரித்து, பிளாஷ் போடாமல், நேரே மேலே நின்று எடுங்கள், கையின் நிழல் விழக்கூடாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், திகதி என்ற ஒழுங்கில் தொடங்குங்கள், அப்போதுதான் தானாக வரிசைப்படும். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டொக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கி இலக்கங்கள் மங்கிவிடும், இரத்தப் பரிசோதனையில் ஒரு புள்ளி தெரியாமல் போனாலும் கதை மாறிவிடும். மூலத் தாள்களை எறிந்துவிடாதீர்கள். சிடி ஸ்கேனோடு தரும் இறுவட்டும் பத்திரம், அதைப் படம் பிடித்து ஒன்றும் ஆகாது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
குளக்கட்டு சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றையும் ஒரே கிழமையில் திணிக்க வேண்டாம். கீமோ ஏற்றிய முதல் இரண்டு மூன்று நாள் சத்தி, களைப்பு, எழுத்தைப் பார்க்கவே பிடிக்காது. அந்த நாட்களில் குரல் பதிவுதான் கைகொடுக்கும், மைக்கை அமத்திப் பிடித்து "வாய் புண்ணாக இருக்குது, ரெண்டுதரம் சத்தி" என்று சொன்னால் போதும், பிறகு நீங்கள் கேட்டு எழுதிவைத்து கிளினிக்கில் சொல்லலாம். அம்மாவுக்கு எழுத ஆசை வந்தால் கூகுள் கீபோட்டில் தமிழ் இலங்கை என்று தெரிவுசெய்தால் கதைப்பதை அதுவே எழுதும், எங்கள் பேச்சில் கொஞ்சம் தடுமாறும், பரவாயில்லை.

கமராவைப் பிடித்து மொழிபெயர்க்கிற வசதியும் நல்லதுதான், ஆனால் மருந்துச் சீட்டில் அதை நம்ப வேண்டாம். பிடி (BD) என்றால் இரண்டு வேளை, ரிடிஎஸ் (TDS) என்றால் மூன்று வேளை, நொக்டே என்றால் இரவில், இதெல்லாம் கையெழுத்தில் வரும்போது அந்தப் பெட்டி எதையாவது உளறும். மருந்து கொடுக்கிற இடத்திலேயே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். வீட்டில் அதை வைத்து அலாரம் போடலாம்.

நெடுங்கேணிக்காரன்:
மிஸ்ஸி அக்கா, எனக்கு இதில் கொஞ்சம் மாறுபாடு. போனைக் கொடுத்தால் மருந்தோடு பயமும் சேர்ந்து வரும். என் பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்து நித்திரை கொள்ளாமலே இருந்தார். அன்னமுன்னா, அப்பச்சோடாவும் தேசிக்காயும், எல்லாம் அவருக்கு வந்தது. அப்பச்சோடா குடித்து இரத்தத்தின் அமிலத்தை மாற்ற முடியாது, உடம்பு விடாது. அன்னமுன்னாச் சாறு ஆய்வுகூடத்தில் கலங்களைக் கொன்றது என்பதை வைத்துக் கதை கட்டுகிறார்கள், மனிதரில் அது புற்றுநோயை மாற்றியதாக நிறுவப்படவில்லை, அதிகம் எடுத்தால் நரம்புக்கும் கூடாது. அதனால் முதலில் பழக்க வேண்டியது "கேட்காமல் குடிப்பதில்லை" என்பது. ஊர்க் குரூப்பை மியூட் பண்ணிவிடுங்கள், மானப்பிரச்சினை வராது, வெளியேறினால்தான் வரும் :)

காசு விசயமும் உண்டு. உதவி கேட்டு முகநூலில் போடுவதென்றால் அடையாள அட்டை, கிளினிக் கொப்பிப் படத்தை அப்படியே போடாதீர்கள். அந்தப் படத்தின் கீழ் வேறு கணக்கு இலக்கத்தைப் போட்டுக் காசு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். போனுக்கு வருகிற குறியீட்டு இலக்கத்தை (ஓடிபி) கேட்டு வெளிநாட்டு உதவி என்று யார் கதைத்தாலும் வைத்துவிடச் சொல்லுங்கள்.

மாங்குளத்து மகள்:
எல்லாருக்கும் நன்றி. மியூட் இப்போதே செய்துவிட்டேன் :) மாமியின் லிங்குகளை என்ன செய்வது? எங்கள் பக்கம் சிக்னலும் மழை நாளில் போய்விடும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
மாமி அனுப்புவது மக்மிலன், கான்சர் ரிசேர்ச் யூகே போன்ற இங்கிலாந்துப் புற்றுநோய்த் தொண்டு நிறுவனங்களில் இருந்தென்றால் ஒதுக்க வேண்டாம், ஒவ்வொரு மருந்துக்கும் என்ன பக்கவிளைவு, எப்போது பயப்பட வேண்டும் என்று எளிதாக எழுதியிருப்பார்கள். அங்கே கொடுத்திருக்கும் தொலைபேசி இலக்கமும் கொடுப்பனவுகளும் மட்டும் அந்த நாட்டுக்கு உரியவை. இங்கத்தைய உதவிப்பணத்தைப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சிக்னலுக்கு, கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழை முன்கூட்டியே தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மாமியிடம் ஒன்று கேளுங்கள்: லிங்கை அனுப்பாமல் அதை வாசித்துத் தமிழில் குரல் பதிவாக அனுப்பட்டும், அம்மா அதைத்தான் கேட்பார்.