மெயிலைப் பிரித்தனுப்பும் சேவைக்கு ‘அஞ்சல் மடை’

வணக்கம். மெயில் சேர்வரில் கடிதத்தின் முகவரியைப் பார்த்து உரிய இடத்துக்குத் தள்ளிவிடும் சேவைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில், ரவுட்டருக்கு வழங்கும் ‘திசைவி’யே போதும் என்பதை நான் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் மெயில் நின்றதும் “திசைவி நின்றுவிட்டது” என்று போனில் சொன்னால், கேட்பவர் சுவரில் மின்னும் ரவுட்டரின் பிளக்கைத்தான் கழற்றுவார். வழிகாட்டி அனுப்புவது என்ற பொருளில் ‘ஆற்றுப்படுத்தி’ அழகான சொல். ஆனால் ஆற்றுப்படுத்தல் என்றால் இங்கே உளவளத் துணை என்றாகிவிட்டது.

என் முன்மொழிவு ‘அஞ்சல் மடை’. தோட்டத்தில் தண்ணி மாறுவதை நினைத்துப் பாருங்கள். மண்வெட்டியால் ஒரு பாத்தியின் வாயை வெட்டிவிட்டு, நிறைந்ததும் மண் அணைத்து, அடுத்த வாயைத் திறக்கிறோம். இந்தச் சேவையின் வேலையும் அதுதான். மடை கோயில் படையலையும் குறிக்கும். ‘அஞ்சல்’ முன்னே நிற்பதால் மயக்கம் வராது.

சொல்லின் பலன் வினையில் தெரியும். மடை ‘நின்றது’ வேறு, ‘அடைபட்டது’ வேறு. இந்த வேலையைச் செய்யும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில், சேவை நின்றதா என்பதை ‘போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை சொல்லும். டெபியன் 12 என்ற இயங்குதளத்தில், சேவைகளின் நிலையைச் சொல்லும் ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளை காட்டும் ‘ஆக்டிவ்’ என்ற பச்சை எழுத்தை நம்ப வேண்டாம். அது மேலுறையின் நிலை. உள்ளே பணி செத்திருந்தாலும் பச்சையாகவே இருக்கும்.

அடைபட்டால் சேவை ஓடும், கடிதம் உள்ளே வராது. முதற் சந்தேகம் டிஸ்க். மாற்றாமல் விட்ட அமைப்பில் ஒரு கடிதத்தின் உச்ச அளவு 10,240,000 பைட். கடிதங்கள் காத்திருக்கும் வரிசையான கியூ இருக்கும் டிஸ்க் பகுதியில் அதன் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 15 மெகாபைட், மிஞ்சாவிட்டால் 452 என்ற விடையோடு புதுக் கடிதத்தை மறுக்கும். டிஸ்க்கின் மிச்ச இடத்தைச் சொல்லும் ‘டிஎஃப் -எச்’ கட்டளை இடம் உண்டு என்று காட்டினால், மிச்ச ஐநோட்டைச் சொல்லும் ‘டிஎஃப் -ஐ’ அடியுங்கள். ஐநோட் என்பது கோப்புக்கு ஒன்றாக டிஸ்க்கில் வேண்டிய பதிவிடம்; ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. சின்னக் கடிதங்கள் குவிந்தால் இடமிருந்தும் ஐநோட் தீர்ந்துவிடும்.

உடனே அனுப்ப முடியாத கடிதங்களைப் பிறகு முயல வைத்திருக்கும் ‘டிஃபர்ட்’ கியூவுக்குத் ‘தேக்கம்’ என்று பெயர் வைப்பதைக் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தக் கடிதங்கள் தேங்கி நிற்பவை அல்ல. 300 விநாடிக்கும் 4000 விநாடிக்கும் இடைப்பட்ட இடைவெளிகளில், 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி நடக்கும். தேக்கம் என்று வாசித்தவர் பதறி, எல்லாவற்றையும் உடனே அனுப்ப முயலச் சொல்லும் ‘போஸ்ட்கியூ -எஃப்’ ஐ அடித்துக்கொண்டே இருப்பார்; பழையவை எல்லாம் ஒன்றாய்ப் பாய, புதியவை பின்னால் மாட்டும். வழக்குக்குத் தவணை போடுவது போல இதற்கும் ‘தவணை வரிசை’ என்போம். ‘போஸ்ட்கியூ -பி’ ஒவ்வொரு கடிதத்தின் கீழும் தவணையின் காரணத்தைக் காட்டும். டொமைன் பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸில் பிழை என்றால் அதைத் திருத்திவிட்டு ‘போஸ்ட்கியூ -எஃப்’ ஆல் ஒருமுறை திறந்துவிட்டால் போதும்.

‘ஹோல்ட்’ கியூவுக்குத்தான் சொல் அமையவில்லை. அது நிர்வாகி நிறுத்திவைத்தது, விடுவிக்கும் வரை தானாக முயலாது. ‘தடுத்துவைப்பு’ என்ற சொல்லை நம் ஊரில் எங்கே கேட்டிருக்கிறோம் என்பது தெரியும், அது வேண்டாம். ‘கைநிறுத்தம்’ பொருந்துமா?