கோரல் பியூட்டி கொத்துமா, கொத்தாதா? 340 லிட்டர் ரீஃப் டேங்குக்குப் புது மீன்

பாளை_ரீஃப்:
"வருஷம் தாண்டின ரீஃப் டேங்கா? கோரல் பியூட்டியைக் கண்ணை மூடிக்கிட்டு விடலாம், பவளத்தைத் தொடாது" என்று வண்ணாரப்பேட்டையார், அடுத்து எந்த மீனு விடலாம்னு கேட்ட பணகுடித் தம்பிக்கு நேத்து எழுதியிருக்காரு. இதை அப்படியே விட முடியாது, அதான் தனி இழையா போடுதேன். புதுசா வாறவங்களுக்கு: ரீஃப் டேங்குன்னா பவளம் வளர்க்கிற கடல்தண்ணித் தொட்டி, கோரல் பியூட்டின்னா ஒரு குட்டி ஏஞ்சல் மீனு.

தம்பியோட டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். மொத்தம் 340 லிட்டர், கல்லும் மணலும் போக 280 நிக்கும். உள்ள இருக்க மீனு: ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் கிளவுன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி. பாறை பூரா பவளம்: சோவாந்தஸ், காளான் பவளம், ரெண்டு லெதர் பவளம். இதுல கோரல் பியூட்டியை விட்டா கொத்தும். நாள் முச்சூடும் பாறையச் சுரண்டிப் பாசி தின்னுற மீனு அது. எது பாசி, எது பாலிப்னு (பவளத்தோட பூ மாதிரி விரியுற உயிர்) பாத்து வாய் வைக்காது.

வண்ணாரப்பேட்டை_சால்ட்:
எழுதினதுல பாதியை வெட்டிட்டு மீதியை ஒட்டினா எப்படிவே? "ஒழுங்கா தீனி போட்டா" என்று அதுக்கு முன் வரியிலேயே இருக்கு. காலையில உள்ளங்கையில பாதி அளவு நோரித் தாள் (காய்ஞ்ச கடற்பாசி) கிளிப்புல. மதியம் ஸ்பைருலினா கலந்த மைசிஸ் (பொடி இறால் மாதிரி தீனி). சாயங்காலம் கடல்பஞ்சு (ஸ்பாஞ்ச்) கலந்த ஏஞ்சல் மீன் தீனி. வயிறு நிறைஞ்ச மீன் கொத்தாது. 10 செ.மீ.தான் வளரும், 280 லிட்டர் தாராளம்.

பாளை_ரீஃப்:
கொத்தும். வயிறு முட்டத் தின்ன ஆடு வேலியோரத்துத் தழையை விட்டுட்டா போகுது? பவளத்து மேல இருக்க சளி, அதுல ஒட்டின பாசி, ரெண்டுமே அந்த மீனுக்கு ருசி.

நடக்கிறது இதுதான். ஒரு கொத்துக்கு ஒரு பாலிப் சுருங்கும், கொஞ்ச நேரத்துல திரும்ப விரியும். மீனு அடுத்த சுத்து வரும். அது போற வழியில சோவாந்தஸ் வரிசையா ஒண்ணு மாத்தி ஒண்ணு மூடுறதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னே பாக்கலாம். பகல் பூரா மூடிக் கிடந்தா வெளிச்சம் படாது. பாலிப்புக்குள்ள இருக்க பாசி உணவு தயாரிக்காது. ஓரத்துல இருந்து கூட்டம் கூட்டமா கரையும்.

சரி, எடுத்துரலாம்னு நினைச்சா எப்படி எடுப்பீரு? செவுளுக்குப் பக்கத்துல கன்னத்துல முள்ளு உண்டு. வலை போட்டா முள்ளு வலையில மாட்டும், பிச்சு எடுக்கிறதுக்குள்ள மீனுக்குச் சோலி முடியும். பெட்டிப் பொறி வைக்கணும், இல்லைன்னா பாறை அத்தனையும் கழட்டணும். வருஷம் தாண்டி நிலைச்ச டேங்குல பாறையைக் கழட்டுனா மணலுக்கடியில கிடக்க அழுக்கு பூரா கிளம்பி வரும்.

பணகுடி_புதுசு:
அண்ணாச்சி, அப்போ எந்த மீனு விடலாம்? அதை யாரும் சொல்லலியே.

தாழையூத்து_டேங்க்:
ரெண்டு பேரும் கோரல் பியூட்டியைப் பிடிச்சுத் தொங்குதீய, உள்ள இருக்க சிக்ஸ்லைனை யாரும் பாக்கல. தம்பி, புதுசா எது வந்தாலும் அதை விரட்டப் போறது அதுதான். 280 லிட்டர் பூராவும் தன் இடம்னு வச்சிருக்கும். ஃபயர்ஃபிஷ் மாதிரி பயந்த மீனு விட்டா மூலையில ஒடுங்கித் தீனிக்கே வராது, மூடி இல்லாத டேங்குன்னா துள்ளித் தரையில கிடக்கும். ஃபேரி ராஸ் கிட்டயே போகாத, உடம்பு வாகு ஒண்ணுங்கிறதால அடி இன்னும் கூடும்.

ராயல் கிராமாங்கிற மீனு ஒண்ணு விடலாம். 8 செ.மீ., பவளத்தைத் தொடாது, குகையில ஒதுங்கி இருக்கும். துளை போட்ட அக்ரிலிக் பெட்டியில 5 முதல் 7 நாள் உள்ளயே தொங்கவிடு. சிக்ஸ்லைன் பெட்டியை முட்டுறதை நிப்பாட்டின பொறவு விளக்கை அணைச்சுட்டுத் திறந்து விடு. அப்பவும் முட்டிக்கிட்டே இருந்தா சிக்ஸ்லைனை வெளிய எடு. எப்பவும் பயந்த மீனு முதல்ல, முரட்டு மீனு கடைசியில போகணும். இந்த டேங்குல அது தலைகீழா போயிருக்கு.

வண்ணாரப்பேட்டை_சால்ட்:
அதனாலதான் கோரல் பியூட்டி சொன்னேன்! சிக்ஸ்லைனுக்கு ஈடுகொடுத்து நிக்கிற மீனு அது. தீனி போடுங்க, கொத்தாது.

பாளை_ரீஃப்:
கொத்தும். நீரு சொல்லுத மூணு வேளைத் தீனியைப் போட்டா நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் ஏறும். நோரி கிழிஞ்சு பாறைக்குப் பின்னால போய் அழுகும். பாசி பாலிப் மேலயே படரும், அதை மேய இதே மீனு பவளத்து மேலயே வந்து நிக்கும். ஸ்கிம்மர் (நுரையா அழுக்கைப் பிரிக்கிற கருவி) அளவு, தண்ணி மாத்துற அளவு எதையும் எழுதாம "தீனி போடு" மட்டும் எழுதுனா போதுமா?

உவரி_உப்பு:
தண்ணி மாத்துறதுல என்ன கஷ்டம்? உவரியில கடல்தண்ணி சும்மா கிடைக்கு, வாரம் 40 லிட்டர் மாத்துங்க. எல்லாரும் உப்புப் பாக்கெட் வாங்கிக் காசைக் கரைக்கீய. அப்படியே தூத்துக்குடிப் பக்கம் நாலு உயிர்ப்பாறை (நல்ல பாக்டீரியா ஒட்டின கடல் கல்லு) எடுத்துப் போட்டா நைட்ரேட்டும் அடங்கும்.

பாளை_ரீஃப்:
உவரியாரே, இந்தப் பேச்சை இங்க வைக்காதீரு. கல்பவளம் எல்லாம் 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா. நம்மைப் படிச்சுட்டு ஒரு சின்னப் பையன் கடல்ல கல்லுப் பேத்தா யாரு பொறுப்பு? காய்ஞ்ச பாறை வாங்கி, ஓடுற டேங்கோட ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பக்கத்துல வச்சா அதுவே உயிர் பிடிக்கும்.

கடல்தண்ணியும் கரையில மோந்து அப்படியே ஊத்துறது இல்ல. ஐப்பசி, கார்த்திகையில மழைத்தண்ணியும் கலங்கலும் சேந்து வரும். புன்னைக்காயல் பக்கம் தாமிரபரணி கலக்குறதால உப்பே குறையும். மெல்லிய துணியில வடிகட்டி, இருட்டுல மூடி வச்சு, உப்பளவு பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல அடர்த்தி 1.025 பாத்த பொறவுதான் ஊத்தணும்.

உவரி_உப்பு:
கடற்கரையில பொறந்தவனுக்குக் கடல்தண்ணி பாளையங்கோட்டையில இருந்து பாடம் வருது. நல்லது.

வண்ணாரப்பேட்டை_சால்ட்:
இவரு எப்பவும் இப்படித்தான். போன தடவை சம்ப் (டேங்குக்குக் கீழ இருக்க ஃபில்டர் தொட்டி) அளவு விவாதத்துல பதில் இல்லாமப் போனாரு, அந்தக் காந்தல் இன்னும் அடங்கல. அதுக்கு என் மீனைப் பிடிச்சுக்கிட்டாரு.

தாழையூத்து_டேங்க்:
தம்பி, இவங்க முடிக்க மாட்டாங்க, நீ எழுதிக்கோ. எந்த மீனா இருந்தாலும் நேரா டேங்குல விடாத. 60 லிட்டர் தனித்தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளியறதுக்கு பி.வி.சி. பைப் துண்டு. கல்லு, மணல் வேண்டாம், மருந்தை உறிஞ்சிரும். சென்னையில இருந்து ராத்திரி பஸ்ஸுல வாற பையைத் திறந்த உடனே கரியமில வாயு வெளிய போய் பி.எச். ஏறும். அதுவரை சும்மா இருந்த அம்மோனியம் விஷ அம்மோனியாவா மாறும். அதனால தண்ணி பழக்குறேன்னு பைக்குள்ள மணிக்கணக்குல தொட்டித் தண்ணியைச் சொட்டு விடாத. பையில இருக்க உப்பளவுக்குத் தனித்தொட்டியைத் தயார் பண்ணி வை. பையைத் திறக்காம 20 நிமிசம் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடு, பைத்தண்ணி வேண்டாம்.

வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செலேட்டட் காப்பர் மருந்து 2 முதல் 2.5 பி.பி.எம்., தனித்தொட்டியில 30 நாள், கிட் வச்சு அளந்து. பவள டேங்குல காப்பர் ஒரு சொட்டும் போகக்கூடாது. இதை விட்டுட்டு டேங்குக்குள்ள நோய் வந்துட்டா, மீனையெல்லாம் எடுத்துட்டு 76 நாள் காலியா போடணும்.

பாளை_ரீஃப்:
காப்பர்ங்கவும் ஞாபகம் வருது. குட்டி ஏஞ்சலுக்குக் காப்பரை ஒரே நாள்ல ஏத்தினா தீனியை நிப்பாட்டிரும், நாலஞ்சு நாள்ல மெதுவா ஏத்தணும். "கண்ணை மூடிக்கிட்டு விடலாம்" என்றவரு இதை எழுதினாரா?

வண்ணாரப்பேட்டை_சால்ட்:
கேட்டது எந்த மீனுன்னு, மருந்தில்ல. கொத்தாது.

பணகுடி_புதுசு:
கிராமாவோட ஒரு மாண்டரின் மீனும் விடலாமா அண்ணாச்சி? கடையில அழகா இருந்துச்சு.

தாழையூத்து_டேங்க்:
வேண்டாம். அது உயிருள்ள கோப்பிபாடைத்தான் (பாறையில ஊருற பொடிப் பூச்சி மாதிரி உயிர்) பகல் முச்சூடும் பொறுக்கித் தின்னும். உன் டேங்குல அதைச் சிக்ஸ்லைனும் தின்னுது. மாண்டரின் வயிறு ஒட்டியே சாகும்.

உவரி_உப்பு:
கடல்தண்ணியில கோப்பிபாடு தானா வரும்.

பாளை_ரீஃப்:
வடிகட்டச் சொன்ன தண்ணியில எங்கவே வரும்? வண்ணாரப்பேட்டையாரே, கொத்துற மீனைப் பாறையக் கழட்டாம எப்படி எடுக்கன்னு கேட்டேன். இன்னும் பதில் வரல.

வண்ணாரப்பேட்டை_சால்ட்:
கொத்தாத மீனை எதுக்குவே எடுக்கணும்?